மாநகரில் மலிவான உணவும் நம் பிள்ளைகளின் கல்வியும்

(வெள்ளி விழாவையொட்டி முகப்பேரில் நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் சோற்றைப் பற்றிப் பேச முற்படுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். இட ஒதுக்கீடு, உதவித்தொகை, உயர்கல்வி ஆகியவை பற்றி நமக்கு முன் பேசிய அறிஞர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் எளியது. ஊரை விட்டு வந்து, இந்த முகப்பேரில் அறையெடுத்துத் தங்கிப் படிக்கின்ற நம் பிள்ளை இன்று காலையில் எங்கே உண்டான், என்ன உண்டான், எவ்வளவு காசுக்கு உண்டான் என்பதே நம் பொருள். இக்கேள்விக்கு விடை தெரியாமல் மற்றவற்றைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயனில்லை என்பது நம் கருத்து.

முகப்பேர் அரை நூற்றாண்டுக்கு முன் வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. அருகே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் தோன்றியது. 1980களில் உலக வங்கியின் கடனுதவியோடு இங்கே மனைகள் வகுக்கப்பட்டன. குறைந்த வருவாயுள்ள குடும்பமும் நகருக்குள் ஒரு கூரையைப் பெறவேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. 2011ஆம் ஆண்டில் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இன்றோ இங்கே ஒரு சிறு மனையின் விலையைக் கேட்டாலே நம்மவர் பின்வாங்குகின்றனர். மனை விலை ஏற, வாடகை ஏறிற்று. வாடகை ஏற, ஓட்டலில் இட்லியின் விலையும் ஏறிற்று. மின்விசிறியின் கீழ் அமர்ந்து இலையில் உண்ணும் சாப்பாடு நூறு ரூபாயைத் தாண்டி நெடுங்காலம் ஆகிவிட்டது.

இத்தகைய ஊரில் நாள்தோறும் வெளியில் உண்டே தீரவேண்டிய நம்மவர் மூவகையினர். தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிகளாகப் பணிபுரியும் இளைஞர் ஒரு வகை. கல்லூரிகளில் சேர்ந்து, விடுதியில் இடம் கிடைக்காதவர் மற்றொரு வகை. அண்ணா நகரில் நிறைந்துள்ள பயிற்சி நிலையங்களில் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கத் திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, இராணிப்பேட்டை மாவட்டங்களிலிருந்து வந்து, வாடகை சற்றுக் குறைவு என்பதால் முகப்பேரில் தங்குவோர் மூன்றாம் வகை. நால்வருக்கு ஓர் அறை. அவ்வறையில் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் இசைவதில்லை. ஆகவே மூன்று வேளையும் வெளியில்தான்.

இவர்கள் கையில் உள்ள காசு எவ்வாறு பிரிகின்றது என்று பாருங்கள். வாடகையைக் குறைக்க இயலாது. பயிற்சிக் கட்டணத்தைக் குறைக்க இயலாது. பேருந்துக் கட்டணம், கைப்பேசிக் கட்டணம், புத்தகச் செலவு எதுவும் குறையாது. குறைக்கக்கூடிய செலவு ஒன்றே ஒன்று; அது வயிற்றுச் செலவு. எனவே காலை உணவு முதலில் நிற்கின்றது. அதற்கு மாற்றாக ஒரு தேநீர், இரண்டு பிஸ்கோத்து. பதினொரு மணிக்கு ஒரு சமோசா. பகலில் கிடைத்தால் ஒரு கலவைச் சோறு. இரவில் வயிறு நிறைந்தது போலத் தோன்றச் செய்யும் இரண்டு பரோட்டாவும் சால்னாவும். மாதக் கடைசி வாரத்தில் அதுவும் பாதியாகிறது. இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தால் வயிற்றெரிச்சலும் தலைவலியும் நிலைத்துவிடுகின்றன. தேர்வில் தோற்றபின், "பையனுக்கு அறிவு போதவில்லை" என்று ஊர் சொல்கிறது. அறிவு போதாமற் போயிற்றா, சோறு போதாமற் போயிற்றா என்று கேட்பார் இல்லை.

ஆசிரியராக இருப்போர்க்கு இது புதிதன்று. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளையை நிழலில் அமர்த்தியவுடன் எந்த ஆசிரியரும் கேட்கும் முதற் கேள்வி, "காலையில் சாப்பிட்டாயா?" என்பதுதான். பள்ளியில் அக்கேள்வியைக் கேட்க ஓர் ஆசிரியர் இருக்கிறார். அதே பிள்ளை பதினெட்டு வயதில் மாநகரத்துக்கு வந்தபின் அதைக் கேட்க ஒருவரும் இல்லை. இந்த இடைவெளியை நம் சங்கம் நிரப்பவேண்டும் என்பதற்காகவே இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

காசு கொடுத்தும் உண்ண இயலாத காலம்

பெரியோர்களே! ஓட்டலில் உண்பது என்பது மற்றவர்க்குக் காசு பற்றிய செய்தி. நமக்கோ அது நெடுங்காலம் உரிமை பற்றிய செய்தியாக இருந்தது. கையில் காசு இருந்தும் உள்ளே நுழைய முடியாத காலம் ஒன்று இருந்தது. வாசலுக்கு வெளியே நின்று, கொட்டாங்கச்சியிலோ தனிக் குவளையிலோ தேநீர் வாங்கிக் குடித்து, அக்குவளையைத் தாமே கழுவி வைத்துவிட்டு வந்த கதையைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இந்த அவையிலும் இருக்கின்றனர்.

இரட்டைமலை சீனிவாசன் 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாகப் பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் நம்மவர்க்கும் உரியவை என்பது அரசின் ஆணையாயிற்று. எம்.சி. இராஜா அவர்களின் முயற்சியால் 1938ஆம் ஆண்டில் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. 1957ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் 'பிராமணாள்' என்னும் பெயர்ப்பலகை தாங்கிய உணவகத்தின் முன் பெரியாரின் தொண்டர்கள் மாதக் கணக்கில் மறியல் செய்து சிறை சென்றனர். முடிவில் அப்பெயர் அகன்றது.

இவற்றுக்கெல்லாம் முடியாக அமைந்தது அண்ணல் அம்பேத்கர் வடித்துத் தந்த அரசியலமைப்பு. அதன் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழைவதற்குச் சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்று பெயர் சொல்லியே விதித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயரில் நடைமுறையில் உள்ளது. அதன் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உணவகத்தில் நுழைவதைத் தடுப்பது மட்டுமன்று, அங்கே பொதுப் பயனுக்கென வைக்கப்பட்ட பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்று அது கூறுகின்றது. ஒரு தேநீர்க் குவளைக்காக நாட்டின் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், அந்தக் குவளை எவ்வளவு கண்ணீர் கண்டிருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். இரட்டைக் குவளை இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போராடிப் பெற்ற இந்த உரிமை, இன்று மாநகரில் விலைப்பட்டியல் என்னும் கதவின் முன் வந்து நிற்கின்றது. சாதி அடைத்த கதவைச் சட்டம் திறந்தது. விலை அடைத்த கதவை யார் திறப்பது?

அந்தக் கதவைத் திறந்த முயற்சிகள்

பசிப்பிணியை நீக்குவதே தலையாய அறம் என்பது தமிழ் மண்ணுக்குப் பழைய செய்தி. மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருந்ததைக் காப்பியம் கூறும். வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, சாதி சமயம் கேளாமல் சோறிட்டார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆனால் அறச்சாலை வேறு, உரிமை வேறு. அறச்சாலையில் உண்பவன் கை தாழ்ந்திருக்கிறது. உரிமையோடு உண்பவன் நிமிர்ந்து அமர்கிறான்.

உரிமையை நோக்கிய முதல் அடி இந்தச் சென்னை மாநகரிலேயே வைக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டில் சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓரணா செலவிற்குள் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தனர். பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்பதை அன்றே உணர்ந்தனர். பின்னர்க் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 1989 முதல் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் மு.க. ஸ்டாலின் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2023 ஆகஸ்டில் அது மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கட்சிகள் மாறின, சோறு மாறவில்லை. நம் மக்கள் எழுத்தறிவு பெற்றதில் இந்தச் சோற்றுக்கு உள்ள பங்கை மறுப்பார் எவருமிலர்.

ஆனால் பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்து மாநகருக்கு வரும் பிள்ளைக்கு இவற்றுள் ஒன்றும் உதவாது. விடுதியில் இடம் பெற்றோர்க்கு ஓரளவு ஆதரவு உண்டு. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் உணவுப்படி 2023ஆம் ஆண்டில் பள்ளி மாணவர்க்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவர்க்கு 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் என்பது அதன் கணக்கு. விடுதிக்கு வெளியே நிற்போர்க்கு அதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் சாந்தோமில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த மலிவு விலை உணவகங்களைக் கருதவேண்டும். அம்மா உணவகம் என்னும் பெயரில் அவை வளர்ந்து, மாநகராட்சியின் 200 வட்டங்களுக்குமாக 400, அரசு மருத்துவமனைகளில் 7 என 407 ஆயின. இட்லி ஒன்று ஒரு ரூபாய். பொங்கல் ஐந்து ரூபாய். சாம்பார்ச் சோறு ஐந்து ரூபாய். தயிர்ச் சோறு மூன்று ரூபாய். பின்னர் மாலையில் இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய். மகளிர் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் சமைக்கின்றனர். மாநகராட்சி நட்டத்தை ஏற்கிறது. 2020இல் ஊரடங்கு நாள்களில் ஓட்டல்கள் அடைபட்டபோது, இந்த அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தமையால் பட்டினியிலிருந்து தப்பியோர் பலர். பிற்காலத்தில் சில உணவகங்கள் மூடப்பட்டதும், பல இடங்களில் பாத்திரங்கள் பழுதானதும் உண்டு. 2024 சூலையில் இவற்றைச் சீர்செய்ய 21 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என அரசு அறிவித்தது. தொடங்கியவர் யார், தொடர்பவர் யார் என்பதில் நமக்கு வழக்கில்லை. ஒரு நாளின் உணவு பதினெட்டு இருபது ரூபாய்க்குள் அடங்கும் ஓரிடம் இம்மாநகரில் இருக்கின்றது என்பதே நமக்கு வேண்டும் செய்தி.

பிற மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. ஒடிசாவில் 2015இல் 'ஆகார்' உணவகங்களும், பெங்களூரில் 2017இல் இந்திரா உணவகங்களும், ஆந்திரத்தில் 2018இல் அண்ணா உணவகங்களும் தோன்றின. ஆந்திரத்தில் ஆட்சி மாறியதும் 2019இல் அவை மூடப்பட்டு, மீண்டும் ஆட்சி மாறியபின் 2024இல் திறக்கப்பட்டன. ஏழையின் அடுப்பு தேர்தலோடு எரிந்து தேர்தலோடு அணையலாகாது என்பதற்கு இது பாடம்.

சமைத்தவர் யார் என்று கேளாத இடம்

தோழர்களே! இவ்வுணவகங்களில் விலையினும் பெரிதாக நாம் கருதுவது வேறொன்று. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டி என்னும் சிற்றூரில் நடந்தது நினைவிருக்கும். நம் இனத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி சமைத்த காலை உணவை உண்ணலாகாதென்று சில பெற்றோர் தம் பிள்ளைகளைத் தடுத்தனர். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அதிகாரிகளும் அங்கே சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டு காட்டவேண்டியதாயிற்று.

அந்தச் செய்தியை நாளிதழில் படித்த அதே காலையில், சென்னையில் ஆயிரக் கணக்கானோர் தட்டேந்தி வரிசையில் நின்று இட்லி வாங்கினர். வேகவைத்தவர் யார், சாம்பார் கிண்டியவர் யார், அவர் எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. காவலாளியும் தானி ஓட்டுநரும், நோயாளிக்குத் துணையாக வந்தவரும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளரும் ஒரே மேடையைச் சுற்றி நின்று உண்டனர். சமபந்தி போஜனம் என்று ஆண்டுக்கொரு நாள் விளம்பரம் செய்து நடத்துவதை, இந்நகரத்தின் மலிவான உணவகம் விளம்பரமின்றி நாளுக்கு மூன்று முறை நடத்துகிறது. நம் முன்னோர் கேட்டது இதுதான். ஆகவே அங்கே சென்று உண்பது பிச்சையும் அன்று, இழிவும் அன்று.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், நம் பிள்ளைகளிடமே ஒரு கூச்சம் இருப்பதுதான். "அங்கே நின்றால் உடன் படிப்பவர் பார்த்துவிடுவார்களே" என்று எண்ணிப் பட்டினி கிடக்கும் மாணவரும் உளர். பெரிய ஓட்டலின் முன் நின்று படம் எடுத்து அனுப்பிவிட்டு, அறையில் வந்து தண்ணீர் குடித்துப் படுப்பவரும் உளர். இரவல் மதிப்புக்காக உடலை அடகு வைக்கலாகாது. ஏழையாக இருப்பது குற்றமன்று; ஏழையல்லன் என்று காட்டிக்கொள்ளப் பட்டினி கிடப்பது அறியாமை.

பட்டினி பெருமையன்று

இங்கே அண்ணல் அம்பேத்கரின் எடுத்துக்காட்டைச் சிலர் கூறுவர். 1920 முதல் 1923 வரை இலண்டன் மாநகரில் அவர் பட்ட பாட்டைத் தனஞ்சய் கீர் தம் நூலில் எழுதியிருக்கிறார். காலையில் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பைப் பானமும் போன்ற சிற்றுணவு. பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் மூடும் நேரம் வரை படிப்பு. நண்பகல் உணவு இல்லை. இரவில் பசி தாளாமல், அறிமுகமான இந்தியர் ஒருவர் கொடுத்த அப்பளமும் ஒரு கோப்பைப் பாலும். அக்காலத்தில் பம்பாயில் அன்னை இரமாபாய் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தார். இவ்வாறு உண்டும் உண்ணாமலும் அவர் 1923இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டம் பெற்றார், வழக்கறிஞராகவும் தகுதி பெற்றார்.

இதைக் கேட்டு, "அண்ணல் பட்டினி கிடந்து படித்தார், நீயும் கிட" என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவோர் உண்டு. நாம் அதற்கு உடன்படவில்லை. அவர் பட்டினியை விரும்பி ஏற்கவில்லை. அவருக்கு வேறு வழி இல்லை. அவருடைய மேதையால் அவர் வென்றார், பட்டினியால் வெல்லவில்லை. அதே போன்ற பசியோடு படிப்பைக் கைவிட்டவர் எத்தனை பேர் என்று எந்த நூலும் எழுதவில்லை. தாம் பட்ட துன்பம் தம் மக்கள் படலாகாது என்பதற்காகவே அவர் வாழ்நாளெல்லாம் உழைத்தார்.

அதே இலண்டனில் நிகழ்ந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். அண்ணல் அங்கிருந்து திரும்பி இருபது ஆண்டுகள் கூட ஆகாத நிலையில், இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940 முதல் அந்நாட்டு உள்ளாட்சிகள் மலிவு உணவகங்களைத் திறந்தன. 'பிரிட்டிஷ் உணவகம்' என்று அவற்றிற்குப் பெயர் சூட்டியவர் சர்ச்சில். ஒன்பது பென்சு அளவில் ஒரு முழு உணவு கிடைத்தது. 1943 வாக்கில் நாடெங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை இயங்கின. உழைப்போர் உடல் தளர்ந்தால் போரில் தோற்போம் என்று ஓர் அரசு உணர்ந்தபோது சோறு எங்கிருந்தோ வந்தது. கல்வியும் நமக்கு ஒரு போர்தான். நம் படைவீரர் பசியோடு நிற்கலாமா?

மாணவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

மாணவர்களே! குறைந்த காசில் உண்பது ஒரு கலை. அதில் மலிவு மட்டும் போதாது. உடலுக்கு உதவுவதாகவும் இருக்கவேண்டும்.

முதலாவது, காலை உணவை எக்காரணத்தாலும் விடாதீர்கள். நான்கு இட்லி நான்கு ரூபாய்க்குக் கிடைக்கும் நகரில் தேநீரும் பிஸ்கோத்தும் சிக்கனம் ஆகா. கணக்குப் போடுங்கள். காலையில் நான்கு இட்லி, பகலில் ஒரு சாம்பார்ச் சோறும் ஒரு தயிர்ச் சோறும், இரவில் நான்கு சப்பாத்தி ஆகியவை சேர்ந்தால் பதினெட்டு ரூபாய். அதனோடு அவித்த முட்டை ஒன்று, வாழைப்பழம் ஒன்று, சுண்டலோ வேர்க்கடலையோ ஒரு பொட்டலம் சேர்த்தாலும் ஐம்பது ரூபாய் அளவில் அடங்கும். அரசு விடுதி மாணவர்க்குக் கணக்கிட்ட தொகையும் அதுவே.

இரண்டாவது, வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு என்பதை அறியுங்கள். மைதாப் பரோட்டா வயிற்றை நிறைக்கும், தசையை வளர்க்காது. முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை, காராமணி, மீன் ஆகியவை தேவை. வெயில் காலத்தில் சாலையோரம் விற்கும் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் நம் பாட்டன் பாட்டியர் உண்டு உழைத்த உணவு. அதைப் பட்டிக்காட்டு உணவு என்று ஒதுக்காதீர்கள். மாட்டிறைச்சி உண்ணும் குடும்பத்தில் பிறந்தவர் அதை மறைக்கவும் வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆம்பூரில் நடக்கவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணி விலக்கப்பட்டபோது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் அது பாகுபாடு ஆகாதா என விளக்கம் கேட்டது, விழாவே தள்ளிவைக்கப்பட்டது. ஏழைக்கு எட்டும் விலையில் உள்ள சத்துணவு எதுவாயினும் அதற்கு இழிவு கற்பிப்பவர் ஏழையின் தட்டில் கை வைப்பவரே.

மூன்றாவது, கையேந்தி பவன் என்று கேலியாகச் சொல்லப்படும் தள்ளுவண்டிக் கடைகளை மதியுங்கள். ஆனால் பார்த்து உண்ணுங்கள். ஆவி பறக்கும் இட்லி நலம். காலையில் அரைத்து இரவு வரை வைத்த சட்டினி நலமன்று. தட்டு கழுவும் வாளித் தண்ணீரைப் பாருங்கள். சூடான உணவைப் பிளாஸ்டிக் தாளில் வைத்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அத்தகைய தாள்களுக்கு 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் தடை உண்டு. அந்தக் கடைகளை நடத்துவோரில் பலர் நம் தாய்மார்களே. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் அவர்கள் பிழைப்புக்குப் பாதுகாப்புத் தருகிறது. அவர்களிடம் உண்ணும் காசு நம் குடியிருப்புக்கே திரும்பி வருகிறது.

நான்காவது, மூவர் நால்வராகச் சேருங்கள். அடுப்புக்கு இசைவு தரும் அறை கிடைத்தால், ஊரிலிருந்து வரும் நியாய விலைக் கடை அரிசியைக் கொண்டு சோறு மட்டும் வடித்துக்கொண்டு, குழம்பும் பொரியலும் மெஸ்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி செலவு குறையும். ஆனால் கடன் கணக்கு வைக்காதீர்கள். மாதக் கணக்கு என்று தொடங்கி, மாத முடிவில் கட்ட இயலாமல் அந்தத் தெரு வழியாகவே போகாமல் சுற்றிச் செல்லும் நிலை வேண்டாம்.

மாணவியர்க்குத் தனியே ஒரு சொல். தெருவோரம் நின்று உண்ணக் கூச்சம், தனியே ஓட்டலில் அமரத் தயக்கம், வீட்டில் பழகிய 'கடைசியில் உண்ணும்' வழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து பெண் பிள்ளைகளை மேலும் பட்டினி போடுகின்றன. பெண்களே சமைத்துப் பெண்களே பரிமாறும் உணவகங்களில் அத்தயக்கத்துக்கு இடமில்லை. இருவர் மூவராகச் சென்று உண்ணுங்கள். இரத்தச் சோகையோடு பட்டம் பெறுவதில் யாருக்கும் பெருமை இல்லை.

சங்கத்துக்கு நம் வேண்டுகோள்

இறுதியாகச் சங்கப் பொறுப்பாளர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் குறிப்பேடு தந்தது, கட்டணம் கட்டியது, பரிசு வழங்கியது. அவை போற்றற்குரியன. ஆனால் நம் பரிசளிப்பு சூன் மாதத்தில் வருகிறது. பிள்ளைகளின் பசியோ ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வருகிறது. ஆண்டுக்கொரு முறை வழங்கும் உதவியால் மாதந்தோறும் வரும் பசியைத் தீர்க்க இயலாது. ஆகவே சங்கத்தில் உணவு நிதி ஒன்று தனியே ஏற்படுத்தப்பட வேண்டும். நம் பகுதியில் மெஸ் நடத்தும் தாய்மார்களோடு பேசி, தேர்வுக்கு முந்திய மூன்று மாதங்களுக்கு ஏழை மாணவர்க்கு டோக்கன் வழங்கலாம். பணம் நேரே மெஸ்ஸுக்குச் சேரும். மாணவன் எவரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. தாய்மார்களுக்கும் நிலையான வருவாய் உண்டு. வேலையில் அமர்ந்துவிட்ட நம் பழைய மாணவர்கள் ஒவ்வொருவரும் மாதம் ஒருவருடைய ஒரு வார உணவை ஏற்றால் போதும்.

அடுத்து, சங்க நூலகத்தின் பின்கட்டில் குடிநீரும் இரண்டு பெஞ்சுகளும் போடப்பட வேண்டும். பொட்டலம் வாங்கிய பிள்ளைகள் அமர்ந்து உண்ண இடமின்றிப் பேருந்து நிறுத்தங்களில் நின்று உண்பதைக் காண்கிறோம். புத்தகம் படிக்க இடம் தரும் சங்கம் சோறு உண்ணவும் இடம் தரலாம்.

மூன்றாவதாக, ஊரிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரையும் முதல் வாரத்தில் ஒரு மூத்த மாணவர் அழைத்துச் சென்று, எங்கே மலிவு, எங்கே தூய்மை, எந்த உணவகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று காட்டவேண்டும். அவ்விவரங்களை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

நான்காவதாக, நம் வட்டத்து மலிவு விலை உணவகம் அடைபட்டாலோ, அதில் அரிசி குறைந்தாலோ, சுவை கெட்டாலோ, சங்கம் வாளாவிருத்தல் கூடாது. வட்ட உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். கேளாமல் எதுவும் நமக்குக் கிடைத்ததில்லை. விழித்திராமல் எதுவும் நம்மிடம் நிலைத்ததும் இல்லை.

பெரியோர்களே! நம் பெற்றோர் தலைமுறை, "பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு" என்று போராடியது. நம் தலைமுறை, "கல்லூரிக்கு அனுப்பு" என்று போராடியது. அனுப்பிவிட்டோம். அனுப்பிய இடத்தில் அவர்கள் உண்டார்களா என்று கேட்பது நம் அடுத்த கடமை. இக்கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும், வெளியூரில் படிக்கும் பிள்ளைக்குத் தொலைபேசியில் பேசுவீர்கள். "மதிப்பெண் எவ்வளவு?" என்று கேட்குமுன், "சாப்பிட்டாயா? எங்கே சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். அதற்கு வரும் விடையை நம்பாமல் இன்னொரு முறையும் கேளுங்கள்.

 ஜெய் பீம்!